மேடம் பேருக்குக் கீழே ஒரு வரி

மாட்டுங்காவில் கல்யாண் லோக்கல் ரயில் கிளம்பியதுமே எதிர் இருக்கைக்காரர், "மேடம், நீங்க செய்யுததுல ஒண்ணை மட்டும் மறைச்சிருவோமா?" என்றார். தாராவியில் ஏதோ சங்கத்தின் செயலாளர் போலும். கையில் ஆண்டு விழா அழைப்பிதழின் புரூஃப். அவர் கேட்டது, பக்கத்தில் கறுப்புக் கோட்டை மடியில் மடித்து வைத்திருந்த வக்கீலம்மாவிடம்.

"எதை?"

"வக்கீல், இருக்கட்டும். லா காலேஜ் புரொபசர், அதுவும் இருக்கட்டும். சிறந்த பேச்சாளர், அதுக்குத்தான கூப்பிடுதோம். 'வீடு இழப்போருக்காக வழக்காடுபவர்'னு போட்டிருக்கோம்லா, அத எடுத்துருதேன்."

"ஏன்?"

"விழாச் செலவு பூரா ஒரு பில்டர் ஏத்துக்கிட்டாரு. அவருதான் தலைமை. ஒங்களுக்குப் பக்கத்துச் சேர். சங்கடப்படுவாருல்லா?"

வக்கீலம்மா புரூஃபை வாங்கி, தலைவர் படத்தைப் பார்த்தார்.

"தாராளமா எடுத்துடுங்க. ஆனா இவருக்கு என்னை நல்லாத் தெரியும். போன செவ்வாய்க்கிழமைதான் கூண்டுல நிக்க வச்சு ரெண்டு மணி நேரம் குறுக்கு விசாரணை பண்ணேன்."

செயலாளர் புரூஃபைத் திரும்ப வாங்கி மடித்தார். வண்டி சயானைத் தாண்டியது. குர்லா பாலம் தெரிந்தபோது மெதுவாகக் கேட்டார்:

"அப்ப சேரை மட்டும் மாத்திப் போட்டுருவோமா, மேடம்?"