தாலி கட்டுற இடத்துல துள்ளுது

— ஸ்க்ரூவ வாயில வச்சிக்கிட்டு பேசாதீங்க சேர். முழுங்கிட்டீங்கன்னா டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிட்டு ஓடணும்.

— ஜெயந்தினி, நீர் கொஞ்சம் பேசாமல் இரும். அந்தக் கேபிளைத் தாரும். அதில்லை, சிவப்பு.

— இத்தினூண்டு இருக்கு? பழைய கேபிளு பாய் மாதிரி அகலமா இருந்துச்சே.

— அதுதான் விசயம். பழசு ஐடிஈ. இது சாட்டா. மெல்லிசு, ஆனா வேகம். விளங்குதோ?

— வெளங்குது. ஆனா நம்ம மதர்போர்டுல இத செருகுறதுக்கு ஓட்டையே இல்லையே.

— அதுக்குத்தான் இந்தக் கார்டு. கண்டியில பழைய சாமான் கடையில தேடிப் பிடிச்சனான். கார்டை உள்ளுக்குச் செருகி, புது ஹார்ட் டிஸ்கை அதில கொளுவினாச் சரி. புதுக் கொம்பியூட்டர் வாங்க நானென்ன தோட்டத்துத் துரையோ? கணக்கு வாத்தி.

— வாத்தியார நம்பி கல்யாண வீடியோ தொழில் நடத்துறேன் பாருங்க, என்னைய சொல்லணும். செல்லசாமி அண்ணன் காலையில வந்து லயத்துல அத்தன வீட்டுக்கும் கேக்குற மாதிரி கத்திட்டுப் போறாரு. 'மாப்பிள்ள தாலிய தூக்குறான், அடுத்து பாத்தா பந்தியில வடை திங்கிறான். என் மகளுக்கு கல்யாணம் ஆச்சா, இல்லையா?'ன்னு.

— அது உம்மட பிழையில்லை. டேப்பில இருந்து படத்தைக் கொம்பியூட்டருக்கு ஏத்தேக்க, பழைய டிஸ்குக்கு ஈடுகுடுக்க ஏலாமல் இடையில விட்டுட்டுப் போகுது.

— அது எப்புடிங்க கரெக்டா தாலி கட்டுற எடத்துலயே விடும்?

— எல்லாரும் ஒண்டாப் பூ எறியினம். அசைவு கூடினா ஏத்துற சாமானும் கூட. டிஸ்க் திணறுது. இப்ப பாரும், விண்டோசையும் புதுசுக்கு மாத்திவிடுறன்.

— அட சாமி, அத தொடாதீங்க! போன தடவ நீங்க விண்டோஸ மாத்தி, ஒரு கெழம சத்தமே வரல. ஊமப் படமா பாத்துக்கிட்டு இருந்தோம். விண்டோஸ் பழசுலயே கெடக்கட்டும். வீடியோவ மட்டும் புதுசுல ஏத்துவோம்.

— சரி, சரி. சுவிட்சைப் போடும்.

— போட்டுட்டேன். பொகை வரலையே?

— வராது. இந்தா, டிஸ்கைக் காட்டுது! பார்த்தீரோ? நல்லாப் பாரும்!

— பாத்துட்டேன், பாத்துட்டேன். ரொம்ப நெஞ்ச நிமித்தாதீங்க, சட்ட பட்டன் தெறிச்சி உள்ள விழுந்துரும். செல்லசாமி அண்ணன் டேப்ப மொதல்ல போட வேணாம். நம்ம டேப்பப் போட்டுப் பாப்போம்.

— வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?

— ஏங்க, நம்ம கல்யாணம்ங்க அது. நான் ஏத்திப் பழகுனதே அந்த டேப்புலதான். அதுலயும் அதே எடத்துல துள்ளுச்சு.

— எங்கட ஆக்கள் ஒருத்தரும் வராத கலியாணம். பார்த்தா விசர்தான் வரும்.

— சொல்ல மறந்துட்டேன், ஒங்க சின்னம்மா திரும்ப போன் பண்ணுனாங்க. ஒங்க அம்மாவுக்கு அடுத்த கெழம கண்ணு ஆப்பரேசனாம். அவங்க இருக்குற கொழும்பு வெள்ளவத்தை என்ன அமெரிக்காவுலயா இருக்கு? காலையில ரயில் ஏறுனா சாயங்காலம் போயிரலாம்.

— 'தோட்டத்துப் பெட்டையைக் கட்டினா என்ர முகத்தில முழியாதை' எண்டு சொன்ன மனுசி. அப்பிடிச் சொன்னாலும் வருவா எண்டு, மணவறையில இருந்து கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தனான். ஐயர் தாலியைக் கையில தரும்வரைக்கும். வரேல்லை. அதுக்குப் பிறகு நானும் போகேல்லை.

— அந்தத் தோட்டத்துப் பொண்ணு நானே கோவப்படல. நீங்க ஏங்க எனக்கும் சேத்து கோவப்படுறீங்க?

— டேப்பைப் போடும்.

— பாருங்க, மேளம் கேக்குது… துள்ளல! தாலிய தூக்குறீங்க… அய்யே, முடிச்சு போடத் தெரியாம எங்க அண்ணிய பாத்து முழிக்கிறீங்க!

— சனம் தள்ளினது.

— ஆமா, தள்ளுச்சு. எங்க அண்ணி வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறத பாருங்க… இருங்க. இது யாரு?

— ஆர்?

— கோயில் வாசல்ல, தூண் ஓரமா. கண்ணாடி போட்டு, கொடைய மடிச்சு கையில வச்சிக்கிட்டு. எங்க தோட்டத்து ஆளு இல்லையே. சேர்? என்னாங்க, மூக்கு திரையில முட்டப் போவுது?

— கொஞ்சம் பின்னுக்கு விடும்.

— விட்டுட்டேன்.

— நிப்பாட்டும்… அம்மா.

— ஒங்க அம்மாவா? வந்திருந்தாங்களா?

— கண் துடைக்கிறா, பாரும்.

— நீங்களுந்தான். இந்தாங்க போனு. நம்பர் போட்டுட்டேன், அடிக்குது. எனக்கும் கேக்குற மாதிரி வச்சிருக்கேன். நான் வாயே தொறக்க மாட்டேன்.

— ஹலோ, ஆர் கதைக்கிறது?

— அம்மா, நான் குகநேசன்.

— தம்பியோ? ஏன் மோனை, ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?

— எல்லாரும் சுகம். அம்மா, நீங்கள் எங்கட கலியாணத்துக்கு வந்தனீங்களோ?

— ஆர் சொன்னது?

— வீடியோவில நிக்கிறியள். தூணுக்குப் பக்கத்தில.

— அதை இப்பதான் பார்க்கிறியோ?

— கொம்பியூட்டர் பழசு அம்மா. ஏன் என்னட்டை வரேல்லை?

— அவ்வளவு பேச்சும் பேசிப்போட்டு என்ன முகத்தோட வாறது? நீ தாலியைக் கையில எடுக்கேக்கதான் வந்து சேர்ந்தனான். பார்த்திட்டு அப்பிடியே ஸ்டேசனுக்குப் போவம் எண்டு வெளிக்கிட்டன். மஞ்சள் சேலை கட்டின மனுசி ஒண்டு என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில இருத்திப்போட்டுது.

— ஐயோ சேர், அது எங்க அம்மா!

— ஆர் மோனை அது பக்கத்தில?

— உங்கட மருமகள்.

— அப்பிடியோ… பிள்ளை, நான் ஆர், எங்கயிருந்து வந்தனான் எண்டு உன்ர அம்மா ஒரு சொல்லும் கேக்கேல்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ எண்டு மட்டும்தான் கேட்டவ.