மிச்சமா நின்ன ஒருத்தி

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன் தோழர்களே. கைதட்டாதீங்க... இது கைதட்டுற கதை இல்லை.

கடலோரத்துல இறால் உரிக்கிற கம்பெனி ஒன்னு. வேலை பாக்கிறது பூரா பொம்பளைங்க. மொத்தம் இருநூத்திப் பதினோரு பேர். இந்த இருநூத்திப் பதினொன்னு இருக்கே, அது முரட்டு நம்பர். பள்ளிக்கூடத்துல பகா எண்ணுன்னு படிச்சிருப்பீங்க. ஒன்னையும் அதையும் விட்டா, வேற எதால வகுத்தாலும் மீதி நிக்கும்.

ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, இனிமே கூலி ஆளுக்கு இல்லை, மேசைக்குத்தான், மேசைக்குப் பத்துப் பேர்னு சொன்னான். உக்காந்தாங்க. ஒருத்தி மிச்சம். கடைசியா வந்தவளை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டான். மறுநாள் ஆறு ஆறா உக்காந்தாங்க. ஒருத்தி மிச்சம். பதினஞ்சு? அப்பவும் ஒருத்தி. ஏழு? அதே கதைதான். எந்த மேசையாவது தள்ளி உக்காந்து இடம் குடுத்துச்சா? குடுக்கலை. கூலியில பங்கு குறையுமே.

அப்புறம்தான் பயம் பிடிச்சுது. கடைசி ஆளா ஆயிடக் கூடாதுன்னு விடியுமுன்ன கம்பெனி கேட்டுக்கு ஓடியாந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரியை எழுப்பாம ஓடியாந்தாங்க. பேச்சித்தாய்னு ஒருத்தி, ஏழு மாசம் முழுகாம இருந்தா. அவளால ஓட முடியுமா? தினமும் அவதான் கடைசி. ஜெரால்டான்னு அங்க மூத்தவ ஒருத்தி, நல்ல மனுஷிதான், அவளே போய்ச் சொன்னா: "நீ ஒருத்தி வேலையை விட்டுட்டேன்னா எல்லாருக்கும் சரியா வந்துரும் தாயி."

பேச்சித்தாய் வேலையை விட்டுட்டுப் போயிட்டா. அன்னைக்கு எல்லாரும் நிம்மதியாத் தூங்குனாங்க.

இப்போ எத்தனை பேர்? இருநூத்திப் பத்து. ரெண்டால வகுங்க... போகும். மூணால? போகும். அஞ்சால, ஏழால... அவன் கேட்ட பத்தாலயும் போகும்! மேசைக்கு ஏழு பேர், முப்பது மேசை. மறு மாசமே பாதி மேசையைத் தூக்கிட்டான். பதினஞ்சு. போறது நம்ம மேசை இல்லையேன்னு மத்தவங்க குனிஞ்சு உரிச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் அஞ்சு. அப்புறம்... ஒரே ஒரு மேசை. அந்த மேசையில ஜெரால்டா இல்லை.

ஜெரால்டா, பேச்சித்தாயோட பிள்ளையைப் பாக்கப் போனா. பேச்சித்தாய் குழந்தையை அவ மடியில குடுத்துட்டுக் கேட்டா: "யக்கா... எல்லாருக்கும் சரியா வந்துச்சா?"



தோழர்களே, இன்னைக்குக் காலையில நம்ம மில் கேட்டுல மாடசாமி ஒருத்தரை மட்டும் வெளிய நிறுத்திட்டாங்க. 'நல்லவேளை, நான் இல்லை'ன்னு எத்தனை பேர் நினைச்சீங்க? திட்ட வரலை... எனக்கும் அந்த நினைப்பு வந்துச்சு. ஆனா அந்த ஒருத்தர் நம்மகூட நிக்கிற வரைக்கும்தான் நம்மளை வகுக்க முடியாது. அவரை விட்டுட்டோம்னா அப்புறம் எப்படி வேணா வெட்டலாம், ஒரு மீதியும் நிக்காது.

அதோ, டீக்கடை ஓரமா நிக்கிறாரு மாடசாமி. நாளைக்கு சங்கு ஊதுறப்போ கேட்டுக்குள்ள போவீங்களா... அவர் பக்கத்துல வந்து நிப்பீங்களா?