சரசு பாடிய பாட்டு

அடுத்தவர் வீட்டுச் சண்டையைக் கேட்க உங்களுக்கு இவ்வளவு ஆசையா? வெட்கமாக இல்லை? சரி, வந்ததற்குக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சிகாமட்டில் ரயில் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் என் எதிரே உட்கார்ந்தார்கள். அவருக்கு நரைத்த குடுமி. முப்பது வருடம் ராக் குழுவில் பேஸ் கித்தார் வாசித்தவராம். இப்போது சமையலறைக்குப் பக்கத்து அறையில் பாட்டுகளைப் பதிவு செய்கிறாராம்.

“என்னங்க, அந்தப் பாட்டுல என் குரல அழிங்க. அடுப்படியிலருந்து கேஸ் தோங் முடிஞ்சிருச்சின்னு நான் கத்துனத ஊரே கேக்கணுமா?”

“நல்லாத்தான இருக்கு சரசு. பாடுன பையன்கூட அப்படியே வச்சிரலாங்கறான்.”

“நம்ம பெர்மாஸ் ஜெயாவுல நான் எப்படி லா தல காட்டுறது?”

“ராவுக்குள்ள பாட்ட அனுப்பணும். ஒரு தடவ கேளு. அப்பறமும் வேணாம்னா அழிச்சிர்றேன்.”

ஹெட்போனை அவரே அவள் தலையில் மாட்டிவிட்டார். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு கேட்டாள்.

“என் பேஸ் நின்னப்பறந்தான் நீ கத்துற, பாத்தியா? இத்தன வருஷத்துல என் கடைசி நோட்டு முடியற வரைக்கும் எவனும் காத்திருந்ததில்ல.”

“தெனம் கேக்குறேன். எங்க முடியும்னு எனக்குத் தெரியாதா?”

அவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை. அழிக்கிற பேச்சே வரவில்லை.

குளுவாங் தாண்டியதும் சரசுவுக்கு அவள் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள்.

“வந்துக்கிட்டே இருக்கோம்க்கா. உங்களுக்குத் தெரியுமா, நான் ஒரு பாட்டு பாடியிருக்கேன். அவரு பின்னால கித்தார் வாசிச்சாரு.”