கூரை ஒழுகுவதை இனி மெஷின் படிக்கும்

தலவாக்கலையில் ஹட்டன் பஸ் ஏறினேன். முன்சீட்டில், தேயிலைத் தோட்டத்தின் ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கொழுந்து பறிக்கிற அக்கா. மற்றவள், லயம் திருத்துகிற திட்டத்தின் ஆபீசில் வேலை செய்யும் பெண்.

“இனிமே உங்க புகாரை மெஷினே படிக்கும்க்கா” என்றாள் அந்தப் பெண். அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“கூரை ஒழுகுதுன்னு போன மழைக்கே சொன்னேனே புள்ள. மழை வந்தா எம் புள்ளைங்க மூலைல ஒக்காந்தே தூங்குதுங்க.”

“கம்ப்யூட்டர்ல நம்ம லயத்துக் கூரை வேலைக்கு ஒரு நம்பர் இருக்கு, அதுக்குக் கீழ அப்பவே கமெண்ட் போட்டுட்டேன். எங்க ஆபீஸ் சார் தொறந்தே பாக்கல. இப்ப ஏஐ ஒண்ணு வருது. வேலை நம்பரைக் குடுத்தா, கீழ யாரு என்ன எழுதுனாங்கன்னு எடுத்துரும்.”

“தானாவா?”

“இல்ல. எப்படி எடுக்கணும்னு அதுக்கு வெளக்கம் எழுதணும். நான்தான் எழுதுறேன். ஒரே தடவைல எல்லாம் வராது, மிச்சத்தை மறுபடி கேளுன்னுகூட எழுதணும்.”

“சாருக்கு அப்படி ஒண்ணு எழுதிக் குடுத்தியா?”

“போங்கக்கா.”

“சரி, படிச்சிட்டு அது என்ன செய்யும்?”

“சுருக்கிச் சொல்லும்.”

“யார்கிட்ட?”

“சார்கிட்டதான்.”

அக்கா பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

“படிக்காத சாருக்குப் படிச்சுச் சொல்ல ஒரு மெஷினு. அந்த மெஷினுக்குச் சொல்லிக் குடுக்க நீ. மேல ஏறித் தகரம் மாத்தத்தான் ஆளில்ல.”