பிதுங்கிய தொப்புள் வண்டி பற்றி வாகிமான் சொன்னது

என் பெயர் வாகிமான். தகப்பனார் பெயர் கார்த்தோரெஜோ. வயது ஐம்பத்திரண்டு. மத்திய ஜாவா, சும்பிங் மலையடிவாரம், காலிவுலு ஊரில் குடியிருந்து, சோயாப் பயறு அவித்துப் புளிக்கவைத்து டெம்பே கட்டி விற்று வருகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்துப் போடத் தெரியும்.

லாக்கப்பில் இருக்கும் பிரசோஜோ என் மகள் ராத்ரிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. இந்தச் சனிக்கிழமை கல்யாணம். அதை விட்டால் சூரோ மாதம் பிறந்துவிடும்; அதில் எங்களில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை.

மாப்பிள்ளை மண் பாதையில் பந்தயம் ஓட ஒரு குட்டிப் பைக் கட்டினார். சக்கரங்கள் மாகெலாங் சந்தையில், பிரேம் ஒரு சிநேகிதரிடம், எஞ்சின் பழைய இரும்புக் கடையில் என்று தனித்தனியாக வாங்கினார். பெட்ரோல் டேங்க் வேறொரு வண்டியுடையது ஆனபடியால் பிரேமுக்குள் அடங்காமல் நடுவில் புடைத்து நின்றது. அதைப் பார்த்து நான் வண்டிக்கு ‘போடோங்’ என்று பெயர் வைத்தேன். போடோங் என்றால் பிதுங்கிய தொப்புள். பேப்பர் இல்லாத வண்டிக்கும் எங்கள் பக்கம் அதே சொல்தான். தெரிந்துதான் சிரித்தேன்.

அதன் பிறகு எஞ்சின் கரி பிடித்துக் கிடந்ததால், “என்ன மாப்ளே, நம்ம டெம்பே குண்டானக் கவுத்து வச்சிருக்கீங்களா? தேய்ங்க, பொண்ணு மூஞ்சி தெரியட்டும்” என்றேன். அவரும் மெஷின் வைத்து மூஞ்சி தெரியத் தேய்த்தார். எஞ்சின் நம்பரும் அதோடு போனது. பந்தய வண்டிக்கு நம்பர் எதற்கு என்று இருவரும் இருந்துவிட்டோம்.

அதன் பிறகு நேற்றுக் காலை சூப்புக் கடையில் நான் டெம்பே இறக்கும்போது, மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு அவ்வழியே பந்தயத் திடலுக்குப் போனார். நான் சத்தமாக, “மாப்ளே, போடோங்க மூடிக்கிட்டுப் போங்க, போலீஸ் பாத்துடப் போவுது!” என்றேன். கடையே சிரித்தது. மூலையில் சூப்புக் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மஃப்டியில் வந்த போலீஸ்காரர் என்று பிறகு தெரிந்தது.

அதன் பிறகு அவர் வண்டியை நிறுத்தி நம்பரைத் தேடி, தேய்ந்திருக்கக் கண்டு, மாப்பிள்ளையை இங்கே கொண்டுவந்தார். போன மாதம் திருடுபோன வண்டியின் எஞ்சினும் இதே மாதிரி என்கிறார்கள். அது இதுவல்ல என்று காட்ட எங்களிடம் நம்பர் இல்லை. இரும்புக் கடைக்காரர், எடைக்கு வாங்கி எடைக்கு விற்பவன், எனக்கென்ன தெரியும் என்றார். தேய்க்கச் சொன்னது நான், மாப்பிள்ளையை விட்டு என்னை உள்ளே வையுங்கள் என்று இங்கே கேட்டேன். “போங்க பெரியவரே, எப்பப் பாரு வெளையாட்டுதான் உங்களுக்கு” என்றார்கள். நான் விளையாடவில்லை.

அதன் பிறகு, விசாரணை முடியாமல் விட முடியாது, வேண்டுமானால் நிலையத்துத் தொழுகை அறையிலேயே நிக்காஹ் முடித்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “சரிப்பா. ஆனா அங்க வந்து நீ வாயத் தொறக்கவே கூடாது” என்றாள்.

பெண்ணின் தகப்பன் வாய் திறந்து, என் மகளை உனக்குக் கொடுத்தேன் என்று சொன்னால்தான் எங்கள் கல்யாணம் செல்லும். அதை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. வேடிக்கைக்காக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

(ஒப்பம்) வாகிமான்