நௌஷாத்தின் படத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள்

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, நௌஷாத் அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி, கணவரை இழந்தவர் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருப்பதால் வீட்டின் சார்பில் வந்திருக்கும் மதீனா அக்கா அவர்களே, கடையை அடைத்துவிட்டும் வேலையைப் போட்டுவிட்டும் இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உத்தமபாளையத்து மக்களே, வணக்கம். நான் ஜெபஷீலா. ஆவணப்பட இயக்குநர் நௌஷாத் அவர்களின் படங்களைப் பதினொரு வருடமாகத் தொகுத்தவள். சற்று முன்னால் நான் பாதியில் எழுந்து வெளியே போனதைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முன் பேசியவர் அண்ணனைப் பொறுமைசாலி என்றார். யார், நௌஷாத் அண்ணனா? டீ ஆறும்வரை உட்கார்ந்ததுண்டா அவர்? பேருந்து நிற்குமுன் குதிக்கிற மனிதரல்லவா! அப்படிப்பட்டவர் ஒரே ஒரு குடும்பத்தின் பின்னால் நான்கு வருடம் நடந்தார். ஒச்சாண்டி, அவர் மனைவி சங்கிலியம்மாள், இரண்டு பிள்ளைகள், எண்ணூறு வாத்துகள். அறுப்பு முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லில் வாத்து மேய்க்க ஊர் ஊராகப் போகிறவர்கள். இந்த மாதம் குச்சனூர் என்றால் அடுத்த மாதம் மலை தாண்டிப் பாலக்காடு. 'நாளைக்கு எந்த வயல்' என்று படத்துக்குப் பெயர் வைத்தோம்.

முதல் நாளே அண்ணன் மூக்குடைபட்டார். வாத்துகள் வரப்பைத் தாண்டியது கேமராவில் சரியாக விழவில்லை. "இன்னொரு தடவ அங்கனருந்து வரச் சொல்லுங்க" என்றார். சங்கிலியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேஞ்ச வயல்ல அதுக்கு என்ன இருக்கு, பாய்? ஒங்களுக்காகத் திரும்பி வருமாக்கும்?" அன்றோடு சரி. அந்தக் குடும்பத்தில் யாரையும், எதையும், இன்னொரு தடவை செய்யச் சொல்லி அவர் கேட்கவில்லை.

படத்தில் என்ன இருக்கிறது? விடியலில் சங்கிலியம்மாள் வாத்துகளை அடைத்த வலைக்குள் குனிந்து முட்டை பொறுக்குகிறார். ஒச்சாண்டி தன் சட்டைக்குப் பித்தான் தைக்கிறார். மகளுக்குப் பேன் பார்க்கிறார்கள். தார்ப்பாயை மடிக்கிறார்கள். அவ்வளவுதான். சோக இசை உண்டா? கிடையாது! "எங்களப் பாவமாக் காட்டிறாதீக. ஊரு பாக்குறதுக்கு முன்னாடி நாங்க பாக்கணும்" என்று சங்கிலியம்மாள் சொன்னார். அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்கால் நானும் அவரும் சண்டை போட்ட நாட்கள் எத்தனை! இரண்டு திரைப்பட விழாக்கள் படத்தைக் கேட்டன. அனுப்புங்களேன் என்று கத்தினேன். "மொதல்ல அவுக பாக்கட்டும் ஷீலா" என்பார். படத்தைக் காட்டப் பாலக்காட்டுக்குப் போவார், அவர்கள் முந்தின நாள்தான் கிளம்பியிருப்பார்கள். மூன்று முறை இப்படி ஆனது. பிறகு அவர்களுடைய போன் எண்ணும் வேலை செய்யவில்லை. பதினாறு நாட்களுக்கு முன், மாரடைப்பில், அண்ணன் நம்மை விட்டுப் போனார்.

இன்று படம் திரையிடப்படும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறதே, போடச் சொன்னது நான்தான். வாக்குக் கொடுத்தவரே போய்விட்டார், இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். உங்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் எழுந்து போனது ஒரு தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்புக்காக. பேசியது சங்கிலியம்மாள்! "தாயி, குச்சனூர்லதான் கெடக்கோம். பாய் போனே எடுக்க மாட்டேங்குறாக, அவுக குடுத்த ஒங்க நம்பருக்குப் போட்டேன். நாளைக்குக் காலைல லாரி சொல்லியிருக்கு. இன்னைக்கே படத்தக் காட்டிருவாகளா?"

அண்ணன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. போனில் சொல்கிற செய்தியா அது? "வர்றோம்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை.

ஆகவே தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். படம் என் பையில் இருக்கிறது. இந்த மண்டபத்தில் அது ஓடாது. இன்னும் சற்று நேரத்தில், அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுக்க நம்மை எழுந்து நிற்கச் சொல்வார்கள். எழுந்தவர்கள் அப்படியே வண்டிக்கு வாருங்கள். குச்சனூர் அரைமணி நேரம்தான். மதீனா அக்கா, நீங்கள் என் பக்கத்தில் இருங்கள். அண்ணன் இல்லை என்பதை நாம் இருவரும் அவர்களிடம் சொல்வோம். எனக்குத் தனியாகச் சொல்லத் தைரியம் இல்லை. அதன்பிறகும் அவர்கள் பார்க்கிறோம் என்றால், இருட்டியதும் போடுவோம். அவர்கள் முன்னால் உட்காரட்டும். நாம் திரைக்கு முதுகைக் காட்டித் தள்ளி நிற்போம். இதை ஊருக்குக் காட்டலாம் என்று சங்கிலியம்மாள் சொன்னால் நாமும் திரும்பிப் பார்ப்போம். வேண்டாம் என்றால் படம் என் பைக்கே திரும்பிவிடும்.

மணி ஐந்தாகிறது. குச்சனூரில் கட்ட இந்தத் திரை வேண்டும்; நான் இந்தப் பக்க முடிச்சை அவிழ்க்கிறேன். யாராவது வந்து அந்தப் பக்கத்தைப் பிடியுங்கள்.