அரை முழம் குறைந்த வாங்கு

ஞானசேகரம்: "பலெர்மோ வாழ் தமிழ்ப் பெருங்குடி மக்களுக்குச் சங்கத் தலைவர் ஞானசேகரம் விடுக்கும் வரலாற்றுப் பேரறிவித்தல். ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு, வருகின்ற ஞாயிறு, எமது தமிழ்ப் பாடசாலை..."

ஏர்னஸ்ற்: தலைவர், வாளியைத் தள்ளி வையுங்கோ. மேல்படியிலை நீங்கள் கழுவுற தண்ணி என்ரை தலையிலை வருது.

ஞானசேகரம்: படி கிடக்கட்டும், கேளும். "ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற சமத்துவப் பரம்பரை நாம்." எப்பிடி?

ஏர்னஸ்ற்: ஆர் அமர்ந்தது?

ஞானசேகரம்: நீரும் நானும். ஊரிலை ஒரே பள்ளிக்கூடம்தானே.

ஏர்னஸ்ற்: ஓம். நீங்கள் வாங்கிலை. எங்கடை ஆக்கள் பின்னாலை, நிலத்திலை.

ஞானசேகரம்: அது முந்தி. எல்லாருக்கும் வாங்கு குடுக்கச் சொல்லி அரசாங்க ஓடர் வந்த உடனை தந்ததுதானே...

ஏர்னஸ்ற்: தந்தவை. நாலு காலையும் அரை முழம் அறுத்துப்போட்டு. நாடி மேசையிலை முட்டும்.

ஞானசேகரம்: இன்ஸ்பெக்டர் வந்து பாத்துச் சரியெண்டவர்.

ஏர்னஸ்ற்: அவர் வாங்கை எண்ணினவர். காலை அளக்கேல்லை.

ஞானசேகரம்: அறுப்பிச்ச பள்ளிக்கூட மனேச்சர் என்ரை அப்பா எண்டதை மேடையிலை சொல்லிப்போடாதையும்.

ஏர்னஸ்ற்: என்ன மேடை?

ஞானசேகரம்: ஞாயிறு விழாவுக்குத்தான். கால்சாப் பகுதி இத்தாலிப் பள்ளிக்கூடத்திலை. அதிபர் சிஞ்ஞோரா வாறா. நாங்கள் ஒற்றுமையான சனம் எண்டு கண்டால்தான் வகுப்பறை தருவாவாம். நீர் ஏறி, "ஒரே வாங்கு" எண்டு ரெண்டு வசனம் சொன்னால் காணும். மனுசி உருகிப்போவா.

ஏர்னஸ்ற்: சொல்லலாம். என்ரை மகள் அமலினியை எந்த வகுப்பிலை போட்டிருக்கிறியள்?

ஞானசேகரம்: அதை விடும், இந்த வசனத்தைக் கேளும்.

ஏர்னஸ்ற்: அவளைச் சேர்க்கச் சொல்லி ரெண்டு தரம் பாரம் நிரப்பித் தந்தனான்.

ஞானசேகரம்: பதினெட்டுப் பிள்ளையளோடை இடம் நிரம்பீட்டுது.

ஏர்னஸ்ற்: பதினெட்டும் உங்கடை ஆக்கள்.

ஞானசேகரம்: அது... தற்செயல். சரி, பின்னாலை ஒரு கதிரை போடுவம்.

ஏர்னஸ்ற்: காலோடையோ?

ஞானசேகரம்: பகிடி விடாதையும். எனக்கு ஒண்டுமில்லை, பாரும். உம்மடை பிள்ளையைச் சேர்த்தால் மற்றச் சனம் தங்கடை பிள்ளையளை நிப்பாட்டிப்போடும். அடுத்த வரியம் யோசிப்பம்.

ஏர்னஸ்ற்: சிஞ்ஞோராவின்ரை வீடும் நான்தான் துடைக்கிறனான். போன கிழமை கேட்டவ, ஊரிலை எப்பிடிப் படிச்சனீங்கள் எண்டு.

ஞானசேகரம்: நீர்... என்ன சொன்னனீர்?

ஏர்னஸ்ற்: எனக்கு அவ்வளவு இத்தாலி வராது. நிலத்திலை இருந்து காட்டினனான். அதுக்குப் பிறகு அந்த வாங்கு உயரத்துக்குக் குந்தி, நாடியைச் சாப்பாட்டு மேசையிலை வைச்சும் காட்டினனான்.

ஞானசேகரம்: நாசமாப் போச்சு. அப்ப வகுப்பறை?

ஏர்னஸ்ற்: தந்திட்டா. சாவி என்னட்டைக் கிடக்கு.